நூற்றுப் பன்னிரண்டு

குண்டடம் தாண்டி, தாராபுரம் சாலை, இடப்பக்கம்:
புளி எழுபது, வேம்பு முப்பத்தொன்று,
உதியன் ஒன்பது, வாகை ஒன்று.
வெள்ளை வட்டம், உள்ளே கறுப்பில் எண்.
நாலுவழிச் சாலைக்கு மரம் எண்ணித் தருவது
என் வேலை. வெட்டுவது வேறு ஆள்.

நூற்றுப் பன்னிரண்டாவது
மதில் சரிந்த இடத்தில் நின்றது,
பாதி சாலைக்கும் பாதி தேவாலயத்துக்குமாய்.
பட்டியலில் 'இனம்' என்று ஒரு கட்டம்.
தெரியவில்லை. காம்புக்கு மூன்று இலை.
வில்வமா என்றேன்.

கல்லறைகளின் மேல் மஞ்சளாகிக் கிடந்த பூவைப்
பெருக்கிக்கொண்டிருந்த தெபோராள் நிமிரவில்லை.
"மாவிலங்கமுங்க.
மூணு இலையப் பார்த்தா ஐயரு திரித்துவம்பாரு,
டீக்கடை ஆறுச்சாமி சூலம்பான்.
மரத்துக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

வேருக்கடியில் ஒரு வெள்ளைக்காரன்.
கருங்கல் பலகை நடுவில் பிளந்து
பெயரின் முன்பாதி சாய்ந்து கிடக்கிறது.
பின்பாதியை வேர் வாங்கிக்கொண்டது.
மிச்சத்தை எழுத்துக்கூட்டினேன்:
நில அளவை உதவியாளர். வயது இருபத்தாறு. 1841.
சங்கிலி பிடித்து இந்தச் சீமையை அளந்திருக்கிறான்.
மரம் அவனுக்கு முன்பா,
அவன்மேல் முளைத்ததா,
பதிவேட்டில் இல்லையாம்.
நாடாவின் நுனியைப் பிடிக்க ஆளில்லாமல்
அவன் கல்லின் பிளவில் செருகிக்கொண்டு
மரத்தைச் சுற்றி வந்தேன்.
பதினொன்றரை அடி.

எண் எழுதி முடித்த கையோடு
இடுப்பில் அது புரண்டது.
ஆயிரத்து இருநூறு அடி போர்த் தண்ணி,
காய்ச்சினால் சட்டியில் சுண்ணாம்பாய்ப் படிகிற தண்ணி,
இருபது வருசமாய்க் குடித்தது.
ஏழு மில்லிமீட்டர் என்று
ஸ்கேன் சீட்டில் எழுதித் தந்திருக்கிறார்கள்.
ஊரையெல்லாம் அளக்கிறவனுக்குள்
யாரோ அளந்து சொன்ன கல்.
வெள்ளைக்காரன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன்.

"கல்லுங்களா?" என்றாள்.
தேள் கொட்டியதா என்றோ
மாரடைப்பா என்றோ
அந்தச் சாலையில் யாரும் கேட்பதில்லை போல.
லாரிக்காரர்கள், சாயப்பட்டறை ஆட்கள்,
ஒருமுறை தாசில்தாரே வந்தாராம்
ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு.
ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
ஒருத்தருக்கு ஓர் உள்ளங்கைப் பட்டை.
வடக்குப் பக்கம் இந்த வருசம் தொடக்கூடாது.
காசு? உண்டியலில் போட்டால் போடலாம்.

மறுநாள் காலை
மூடி இறுகிய பிராந்திப் பாட்டிலில்
ஆறிப்போன கஷாயம்.
மூக்கைப் பிடித்துக் குடித்தேன். கசப்பைவிட
துவர்ப்புதான் நாக்கைவிட்டுப் போகவில்லை.
குடித்துவிட்டு மதிலருகே போனால்
என் வெள்ளை வட்டத்தைக் காணோம்.
நூற்றுப் பன்னிரண்டு இருந்த இடத்தில்
ஈரமாய் ஒரு சதுரம்,
விளிம்பில் மட்டும் பெயின்ட் பொருக்கு.

"ரோட்டுப் பக்கம் முறைதானுங்க" என்றாள்.
"பெயின்ட்டச் சொரண்டிட்டுத்தான் காச்சினேன்."

அரசாங்க எண்ணைக் குடித்த அரசாங்க ஆள் நான்.
சிரித்தால் இடுப்பு வலித்தது.

கல் போய்விட்டதா என்று கேட்காதீர்கள்.
வெள்ளிக்கிழமை மறுபடி ஸ்கேன்.
டப்பாவும் தூரிகையுமாய் நேற்றும் போனேன்,
எண் இல்லாத மரம் கணக்கில் சேராது.
சுற்றி வந்தேன். வடக்கே ஆறிக்கொண்டிருந்தது.
கிழக்கே போன வருசத்து ஆட்களின் தழும்பு,
அதற்கடியில் அதற்கு முந்தையவர்களுடையது,
பொருக்குத் தட்டி, மடிந்து,
உதடுபோல் மூடி வருகிறது.
கைக்கு எட்டும் உயரம் வரைக்கும்
ஒவ்வோர் உள்ளங்கையும் யாரோ ஒருவரின் கல்.

தூரிகை காய்ந்துவிட்டது.
எண் எழுத இடமில்லை என்று
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
'பயன்' என்ற கட்டத்தில்
விறகு, சட்டம், இதர என்று மூன்றுதான் இருந்தன.
'இதர'வைச் சுழித்து வைத்திருக்கிறேன்.