முதலில் மேசைதான் எழுந்தது

கைப்பிடியை நெஞ்சுக்கு இழுத்தேன், விமானத்தின் மூக்கு தூக்க.
விமானம் ஓடுபாதையை விடவில்லை.
மேசைதான் எழுந்தது.
சுவர்ப்பக்கத்துக் கால் இரண்டும் அரை அங்குலம் அந்தரத்தில்;
உப்புக் குப்பி உருண்டுவந்து
என் மடியில் இறங்கியது.

மியர்பேங்க். கடைசித் தெருவுக்கு முந்தைய தெரு.
எண்ணெய் ஆலையில் இருபத்திரண்டு வருடம் ஃபிட்டர் நான்.
ஆள் நுழையும் குழாய்களின் வாயை
போல்ட் போட்டு மூடியவன்;
ஒரு சொட்டுக் கசிந்திருக்குமோ என்று
நடுராத்திரி எழுந்து உட்கார்ந்தவன்.
ஆலையை மூடிக் கணக்குத் தீர்த்தார்கள்,
கூடவே ஒரு கடிகாரம். அது பெட்டிக்குள் ஓடுகிறது.
பணத்தில் ஒரு பங்கு இது:
கைப்பிடி, வேகத்துக்கு மூன்று நெம்பு, பெடல் ஒரு ஜோடி.
கூடவே வந்த பிளாஸ்டிக் கிளாம்ப்
துணிக்கொடிக் கிளிப்புக்குத் தம்பி.

மேசை சாலாட்சியுடையது.
வெள்ளி, சனி அதில் கேக் நிற்கும்.
வருகிற வாரம் மூன்றடுக்கு, டோங்காட் கல்யாணத்துக்கு.
"ஓட்டை போட்டே, அதே டிரில்லால
உன் மண்டையிலயும் ஒண்ணு" என்றாள்,
கையில் ஐசிங் கூம்போடு.

ஆகவே ஓட்டை மேசைக்கல்ல, பலகைக்கு.
கிரீசன் ஜோபர்க் போனபோது விட்டுப்போன கட்டில் பலகை.
அதில் கைப்பிடியை நான்கு போல்ட்டில் உட்காரவைத்து
பலகையை மேசையோடு கவ்வ
இரும்பு கிளாம்ப் இரண்டு.
மரம் நசுங்காமல் நடுவே சைக்கிள் டியூப்.
ஒரு பக்கத்தை ஒரேயடியாக இறுக்கக் கூடாது:
இதற்கு அரைச் சுற்று, அதற்கு அரைச் சுற்று,
மறுபடி இதற்கு.
மரம் ஒருமுறை முனகியது. நிறுத்தினேன்.
முனகலுக்கும் விரிசலுக்கும் நடுவே
இருப்பது கால் சுற்று.
அந்தக் கால் சுற்றுக்குத்தான்
இத்தனை வருடம் சம்பளம் கொடுத்தார்கள்.

பெடல் வேறு கதை.
இடதுகாலை அழுத்தினால் அது சுவரைத் தேடிப் போகிறது,
சக்கரம் வைத்த நாற்காலி சமையலறையைத் தேடிப் போகிறது,
நடுவில் நான் நீள்கிறேன்.
கேக் தட்டு வழுக்காமலிருக்க
அவள் விரிக்கும் ரப்பர் வலையைத் திருடிப் பெடலுக்கடியில் போட்டேன்.
ஒரு நாள் தாங்கியது.
பிறகுதான் புத்தி வந்தது:
நாற்காலிக் காலையும் பெடலையும்
ஒரே வாரில் இழுத்துக் கட்டினேன்.
தள்ளுகிறவனும் தள்ளப்படுவதும் ஒரே கட்டில்.
இனி யார் எங்கே போக?

பழைய ஏர்போர்ட் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.
பயணிகள் விமானம் வடக்கே மாறி வெகுநாளாயிற்று.
தலைக்குமேல் இரைச்சல் கடக்கும்வரை
பேச்சை நிறுத்தி நிறுத்தியே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள்.
இப்போதும் சாலாட்சி
வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவாள்
எதற்கென்று தெரியாமல்.
பிறகு, "என்ன சொன்னேன்?"

திரையில் அந்த ஓடுபாதை இன்னும் இருக்கிறது.
எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு மரம். யாரோ வரைந்த மரம்.

எட்டு மணிக்குக் கரண்ட் போகும் என்று பட்டியல்.
ஏழே முக்காலுக்குக் கிளம்பினேன்.
கடல்மேல் ஒரு வட்டம், இசிப்பிங்கோப் பக்கம் திரும்பி
நேர்கோட்டில் வந்தேன்.
குறுக்குக் காற்று. வலது பெடல்; பெடல் நின்றது.
நெம்பை மெல்லக் குறைத்து
ஐம்பது அடி, முப்பது,
கைப்பிடியை இழுத்தேன், இழுத்தேன்
மேசை கல்லாக இருந்தது

இருட்டு.

பட்டியலுக்கு மூன்று நிமிடம் முந்தி.
திரை இல்லை, கடல் இல்லை, என் முழங்கால்கூட இல்லை.
கைப்பிடியை மட்டும் விடவில்லை.
விட்டால் என்ன ஆகியிருக்கும், சொல்லத் தெரியாது.

ஃபோன் வெளிச்சத்தோடு வந்தாள்.
"இறங்கியாச்சா?"
"தெரியல."
வெளிச்சத்தை என் முகத்தில் அடிக்கவில்லை,
மேசையில் அடித்தாள்.
விளிம்பில் உள்ளங்கை வைத்து
ஆடும் பல்லைப் பார்ப்பதுபோல் ஒருமுறை அசைத்தாள்,
அழுத்தி இன்னொருமுறை.

"வெள்ளிக்கிழமை கைப்பிடியை மட்டும் கழட்டு," என்றாள்.
"பலகை இருக்கட்டும்."