நாலாவது லாச்சி

தோட்டத்து ஆபீஸ் ஏலத்தில்
ஆயிரத்து எண்ணூறுக்கு
ஒரு கால் நொண்டும் தகர அலுமாரி.
கொழுந்து லொறியில் ஏற்றிவந்தான் தவசீலன்.

குசினியில் எங்கே இடம்?
விறகை ஒதுக்கினேன்,
மண்ணெண்ணெய்க் கேன் இஸ்தோப்புக்குப் போனது.
நொண்டிக் காலுக்குச் சோடா மூடி இரண்டு.
கைப்பிடி கழன்ற இடத்தில்
மகளின் பழைய சப்பாத்து லேஸ்.
கோயில் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை
மூன்று லாச்சிக்குத்தான் வந்தது;
லிந்துலைக் குளிரில் அது காயவே நாலு நாள்.

செக்ரோல் இருந்ததில் இப்போது பருப்பு.
லீவுக் கடிதங்கள் கிடந்ததில் கருவாடு.

நாலாவதில் மட்டும் அந்த வெள்ளை எழுத்து,
சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை:
பிடித்தம்.

அதில் சீனி வைத்திருக்கிறேன்.
அள்ளும்போது
கை கொஞ்சம் கூடிவிடுகிறது.

தேத்தண்ணி திகட்டுதாம்
தவசீலனுக்கு.