இருபது விநாடி

வியாழன் இரவு பத்து மணி.
கேர்லிங் அரங்கின் நிலவறையில்
எனக்கொரு மைக், இரண்டு சிடி பிளேயர்,
சக்கரம் உடைந்த நாற்காலி.
தலைக்கு மேலே
பனித்தளத்தை உறையவைக்கும் இயந்திரம்
நாள் முழுக்க ஒரே சுருதியைப் பிடித்து நிற்கிறது.

யார்க்டன், சஸ்காச்சுவான்.
பகலில் நான் ஆலங்கட்டிக் காப்புறுதி மதிப்பீட்டாளர்.
கனோலா வயலில் இறங்கி
முறிந்த தண்டு எத்தனை, நிற்கிற தண்டு எத்தனை
என்று எண்ணி
நூற்றுக்கு இவ்வளவு இழப்பு என்று எழுதுவேன்.
என் வண்டியைக் கண்டு சிரித்த முகம்
இந்த மாகாணத்தில் இல்லை.
இரவில், சம்பளமில்லாமல்,
இருபதாம் நூற்றாண்டை அறிமுகம் செய்கிறேன்.
"ஒரு தமிழ்ப் பாட்டாவது போட்டால் என்ன?"
என்கிறாள் ரொரன்ரோ மச்சாள்.

முதல் வாரம் ஐவ்ஸ்.
அவரும் காப்புறுதிக்காரர்தான்,
ஆனால் நியூயோர்க்கில், நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு.
எதிரெதிராய் வரும் இரண்டு பாண்ட் குழுக்கள்
ஒன்றையொன்று கடக்கிற இடத்தில்
காதுக்கு நேர்வதை எழுதிவைத்தவர்.
தேரடியில் இரண்டு செற் மேளம்
போட்டிக்கு நின்றாற்போல
என்று வாய்வரை வந்தது.
விழுங்கிக்கொண்டு,
ஒரே லொறியில் இரண்டு றேடியோ என்றேன்.

பிறகு பார்டோக்.
மெழுகு உருளையைத் தூக்கிக்கொண்டு
குடியானவர் வீடுகளுக்குப் போனவர் என்று
கால் மணிநேரம் கதைத்தேன்.
ஒரேயொரு ரெலிபோன்:
"உங்கள் பிடில்காரனுக்குக் கம்பி மாற்றவேண்டும்."

இன்றைக்கு ஃபெல்ட்மன்.
நாற்பது தாண்டும்வரை
குடும்பத் துணி வியாபாரத்தில் கிடந்தவர்.
பியானோவில் ஒரு சுரத்தை வைப்பார்.
அது தானாய்ச் சாகும்வரை தொடமாட்டார்.
பிறகு இன்னொன்று,
முந்தையதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல்.

நிலையத்தில் ஒரு விதி உண்டு.
இருபது விநாடி சத்தமில்லையென்றால்
அறிவிப்பாளர் செத்துவிட்டார் என்று
கணினி முடிவுகட்டும்.
ஃபெல்ட்மன் அதன் செவிக்கு எட்டவில்லை.
இருபத்தோராம் விநாடியில்
போல்கா.
அதற்கடுத்து பார்லி விலை.
நிறுத்தினேன், மன்னிப்புக் கேட்டேன், மறுபடி போட்டேன்.
மறுபடி போல்கா.
"நான் உயிரோடிருக்கிறேன்" என்று
காற்றலையில் சொல்லவேண்டியதாயிற்று.

மணி அடித்தது.
"ஓரெஸ்ட் கோவல்சுக் பேசுகிறேன்.
அறுவடை இயந்திரத்தில் பெல்ட் அறுந்துவிட்டது.
மகன் வேறு கொண்டுவரும்வரை
இருட்டுக்குள் குந்தியிருக்கிறேன்.
நாளைக்குப் பனி என்கிறார்கள்.
அந்த போல்காவை நிறுத்து.
மற்றதைப் போடு.
முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா
என்று தெரியாமல் இருக்கமுடியவில்லை."

சரி என்றேன்.

"நீ ஆலங்கட்டிப் பெண்தானே?
ஜூலையில் வந்து நாற்பது என்று எழுதினாய்."
"ஓம்."
"அறுபது, அது."

இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
நல்லவேளை, ரெலிபோனுக்கு அந்த விதி இல்லை.

மூன்றாம் முறை மைக்கை மூடவில்லை.
அதைக் கூரைப்பக்கம் திருப்பி
குமிழை முழுக்கத் திறந்துவிட்டேன்.
பனி இயந்திரத்தின் முனகல்
தம்புராபோல அடியில் படர்ந்தது.
கணினி ஏமாந்தது.
மேலே ஒரு சுரம்.
நெடுநேரம் கழித்து இன்னொன்று.
ஃபெல்ட்மன் இதற்குச் சம்மதித்திருப்பாரோ தெரியாது.

ஓரெஸ்ட் இணைப்பை வெட்டவில்லை.
காதோடு ஒட்டிய கருவியில்
வயற்காற்று, அவருடைய தும்மல் ஒன்று,
நான் அனுப்பிய பியானோ
அரைக்கணம் பிந்தி
எனக்கே திரும்பி வந்தது.
பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க
ஒரு பிக்கப் வரும் ஓசை, கதவு, இளம் குரல்.
இயந்திரம் உறுமியது.
சொல்லிக்கொள்ளாமல் போனார்.

வெள்ளி காலை பனி கொட்டியது.
அலுவலகத்தில்
ஜூலையிலேயே மூடிய கோப்பை எடுத்து
தண்டுக் கணக்கை ஆறுதலாய்க் கூட்டிப்பார்த்தேன்.
அறுபது இல்லை.
நாற்பத்திரண்டு என்று போட்டிருக்கலாம்.