விலாசம்

மூன்று நாள் அலைந்தது தந்தி.
சென்னை ராஜ்யம் என்றிருந்ததால்
திருத்தணிக்குப் போய், அங்கிருந்து
'எங்கள் எல்லையில் இல்லை' என்ற பென்சில் குறிப்போடு
நகரிக்குத் திரும்பியது.
கல் நட்டு இரண்டு வருஷம்.
நாங்கள் ஆந்திராவாகியிருந்தோம்.

யுத்த நிதிக்கு மட்டும் இரண்டு ஜீப் வந்தது.
காலையில் தெலுங்கில் கேட்டார்கள்,
செங்கம்மா மூக்குத்தியைக் கழற்றினாள்.
சாயங்காலம் தமிழில் கேட்டார்கள்.
"இனி மூக்கைத்தான் அறுக்கணும்" என்றாள்.

யாருக்கும் பிடிக்காத சண்டை;
டீக்கடையில் வாய்விட்டுச் சொல்லத்தான் பயம்.
பனி என்றால் எங்களுக்கு மார்கழிப் பனி,
மல்லாட்டைச் செடியில்
எட்டு மணிக்குள் காய்ந்துவிடும்.
அதில் ஓர் ஆள் விறைப்பானா என்று
ரேடியோவைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

செங்கம்மாவின் மூத்தவன் கஜபதி
எல்லைக்காக ரயிலை மறித்து
ஆறு மாசம் உள்ளே இருந்தவன்.
"எவன் நாட்டுக்குடா போறே" என்று
பட்டாளத்துத் தம்பியோடு
பேச்சை நிறுத்தியிருந்தான்.

வாசலிலேயே கை நீட்டி வாங்கினான்.
தம்பி எழுதிக்கொடுத்த விலாசம்.
சென்னை ராஜ்யம் என்று பார்த்ததும்
ஒரு நொடி
அவன் முகம் மலர்ந்தது.

அடுத்த வரிக்குக் கண் இறங்குமுன்
நான் சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.