கிழக்குச் சுவர்

திக்கணங்கோடு ஆண்பிள்ளைகள் விடுதியில்
கிழக்குச் சுவரை நான் அடித்து முடித்தால்
அடுத்த ஆடியில் அவர்கள் வந்து அதன்மேல் அடிப்பார்கள்.
மூன்று வருடமாக இதே கதை.

பதினோரு பேர், கொரியாவிலிருந்து.
பத்து நாள். ஒரே மாதிரி பனியன்,
முதுகில் ஒரு வசனம்.
சாரல் விட்டும் விடாமலும் இருக்கும்போது
பாசி பிடித்த சுவரில் அப்படியே உருளையை ஓட்டுவார்கள்.
சுரண்டல் கிடையாது, பிரைமர் கிடையாது.
பாட்டு உண்டு.

ஓணம் கழிந்ததும் தோல் உரிந்து தொங்கும்.
ஐயர் போன் போடுவார்:
"யோவேலே, ஒண்ணு வந்து பாத்துட்டுப் போ.
யாருட்டயும் சொல்லாண்டாம்."

உப்புத்தாளும் பட்டித் தகடுமாகப் போவேன்.
நாலு நாள் கூலி.
திங்கள்சந்தையில் டிராவல்ஸ் வைத்திருக்கும் மச்சினனிடம்
ஒரு டிக்கெட் என்ன விலை என்று கேட்டேன்.
பதினொன்றால் பெருக்கினேன்.
எட்டு விடுதிக்குச் சுவரடித்து
கக்கூஸ் கதவும் மாற்றித் தருவேன் அந்தக் காசுக்கு.
ஐயரிடமே சொன்னேன்.
"நீ சொல்லுகது சரிதான்" என்றார்.
அதோடு சரி.

இந்த வருடம் அவர்கள் இருக்கும்போதே கூப்பிட்டார்.
ஏணியில் ஏற அவர்களுக்கு அனுமதி இல்லையாம்,
ஏதோ இன்சூரன்ஸ். முகட்டை நான் அடிக்க வேண்டும்.

இரண்டாம் சனிக்கிழமை, ஆள் பார்க்கும் நாள்.
கொல்லங்கோட்டிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும்
முந்திரிக்கொத்தும் மட்டிப்பழமும் பொதிந்துகொண்டு
தாய்மார் வந்து அயனி மரத்தடியில் நிறைந்துவிட்டார்கள்.
அஜினுக்கு யாரும் வருவதில்லை. ஆறாம் வகுப்பு.
அந்த நாளில் அடுக்களைப் பின்னால் போய்
யாரும் சொல்லாமலே தேங்காய் உரிப்பான்.

ஏணியிலிருந்து பார்க்கிறேன்:
மஞ்சள் அப்பிய கையால்
ஒரு தடித்த மனிதரின் கையைப் பிடித்து இழுத்து வந்து
எல்லார் நடுவிலும் உட்காரவைக்கிறான்.
ஒருவன் என்னவோ கேட்டான்.
"எனக்காக்கும் வந்திருக்காவ" என்றான் அஜின்.
"எனக்க ஆளு."

அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை.
யாரோ கொடுத்த முந்திரிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு
கடிப்பதா கும்பிடுவதா என்று முழித்தார்.

பிரஷ் என் கையிலேயே காய்ந்துபோனது.
எட்டு விடுதிக் கணக்கில்
இதை எந்தப் பக்கம் எழுதுவது?

வான் போனது.
அடுத்த இரண்டாம் சனி அஜின் தேங்காய் உரிக்கவில்லை,
கேட்டில் போய் நின்றான்.
அதற்கடுத்த மாதமும் நின்றான்.
அதையும் எழுதத்தானே வேண்டும்.

நேற்று சுரண்டப் போனேன்.
தகடு வைக்குமுன்னே மஞ்சள் சுருண்டு விழுந்தது.
அஜின் வந்து நின்று சொன்னான்:
"அண்ணே, அது அவிய அடிச்சதாக்கும்."
ஜன்னலடியில் ஒரு முழம் விட்டுவைத்தேன்.
தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை இல்லை அது.
கேட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

கொரிய பாஷை தெரிந்த யாராவது
இதை எழுதி அனுப்புங்கள்:
உங்களுக்குச் சுவர் தெரியாது சகோதரரே.
முதலில் சுரண்டுங்கள், தகடு நான் தருகிறேன்.
ஆடியில் வரவேண்டாம்,
மாசியில் வாருங்கள், ஈரம் இருக்காது.
டிக்கெட் போடும்போது
இரண்டாம் சனி எந்தத் தேதி என்று
ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.