எவ்வளவு நேரம்

மூன்றே முக்காலுக்கு எழுகிறேன்.
கைகள் எனக்குப் பிறகுதான் எழும்.

விளக்கை முழங்கையால் போடுகிறேன்.
மழையில் ஊதிப்போன கதவு
சட்டத்துக்குள் அடங்காததுபோல
விரல்கள் மடங்க மறுக்கின்றன.
பாதி வழியில் நிற்கின்றன,
உறைபனியில் கம்பியை விட்ட
என் டிராலிபஸ் மாதிரி.

தரையில் கால் வைத்தால் கூழாங்கல்.
பார்த்தால் வெறும் மரப்பலகை.
நேற்று நானே துடைத்தது.

ரீகாவில் பிப்ரவரி.
எல்லாருக்கும் ஏதோ ஒன்று வலிக்கிற மாதம்.
அதனால் எல்லாருமே வைத்தியர்கள்.

உப்பு, என்றாள் மேல்வீட்டு ஸ்கைத்ரீதே,
என் ஹெர்ரிங் டப்பாவைக் கண்ணால் எடைபோட்டு.
ஒரு மாதம் உப்பைத் தொடவில்லை.
உருளைக்கிழங்கும் நானும்
ஒருவரையொருவர் வெறுத்ததுதான் மிச்சம்.

ஸ்டீயரிங், என்றார் பணிமனை எலக்ட்ரீஷியன் ஓயார்ஸ்.
இருபத்திரண்டு வருஷம் ஒரே பிடி,
இரும்புக்கே வலிக்கும்.
இருக்கலாம்.
என் கால்விரல்கள் எந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தன?

தைராய்டாகவும் இருக்கலாம்,
யூரிக் அமிலமாகவும் இருக்கலாம்,
சிறுநீரகம் சோம்பினாலும் இப்படித்தான்,
என்றது மருந்துக்கடைக் கவுன்ட்டர்.
மூன்றுக்கும் மூன்று மாத்திரை டப்பாவைக்
கையோடு எடுத்தும் வைத்தது.

வயசு, என்றாள் லியெபாயாவிலிருந்து அக்கா.
தூரம் நின்ற வருஷம் எனக்கும் வீங்கியது.
முதலில் அந்த மோதிரத்தைக் கழற்று.
ஆளைக் கழற்றி எட்டு வருஷமாகிறது, அக்கா.
மோதிரம்தான் வரமாட்டேன் என்கிறது.

டாக்டர் எனக்குக் கொடுத்த நேரம்
எப்போதும் மதியம் இரண்டு இருபது.
அதற்குள் கைகள்
பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளைகள்போல
முகம் கழுவித் தலைவாரி நிற்கும்.
மடக்குங்கள் என்றார், மடங்கின.
நீட்டுங்கள் என்றார், நீண்டன.
எவ்வளவு வலிக்கிறது, பத்துக்கு எத்தனை?
இப்போதா? இரண்டு.
இரண்டு என்று எழுதிக்கொண்டார்.
களிம்பு எழுதினார்.
ஓய்வு எழுதினார், என்னவோ
அதுவும் கடையில் கிடைப்பதுபோல.

பொய்சொல்லி ஆகிவிட்டேன்
என் கைகளாலேயே.

பிறகொரு நாள், ஐந்தே காலுக்கு,
கடைசி நிறுத்தத்தில்
பிளாஸ்கின் மூடியைப் பல்லால் திருகிக்கொண்டிருந்தேன்.
கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள் ஒருத்தி.
மருத்துவமனை ஆய்வகத்துக்குத் தினமும் முதல் வண்டியில் போகிறவள்,
பெயர் வீய்யா என்று பிறகு தெரிந்தது.
மூடியைத் திறந்து கொடுத்தாள்.
இரண்டு கையுமா? என்றாள்.
இரண்டும். இரண்டு காலும்.
எவ்வளவு நேரம்?

எவ்வளவு வலி என்று கேட்டிருக்கிறார்கள்.
எவ்வளவு வயசு என்று கேட்டிருக்கிறார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.

கடிகாரத்தில் பதில் இல்லை என்னிடம்.
முதல் சுற்று முழுக்க மரக்கட்டை.
இரண்டாம் சுற்றில் கட்டைவிரல் எழும்.
மூன்றாம் சுற்றில்,
தௌகவா பாலம் ஏறும்போது,
கைகள் என்னுடையவை ஆகும்.
விரல்விட்டு எண்ணினாள், அவளுக்கு முடிந்தது.
இரண்டரை மணிநேரம்.
கால்மணியில் விட்டால் தேய்மானம் என்று பார்ப்பார்கள்.
ஒரு மணிநேரம் தாண்டினால்
வேறெதையோ தேடவேண்டும்.
உடம்பே உடம்பைத் தாக்குவதுண்டு.
நான் டாக்டர் இல்லை, என்றாள்.
காலையில் போங்கள்.
இந்தக் கைகளோடு போங்கள்.

போனேன். சண்டைபோட்டு வாங்கிய ஏழரை மணி.
அதே டாக்டர்
விரல்மொட்டுகளின் குறுக்கே மெல்ல அழுத்தினார்.
நான் போட்ட சத்தத்தில்
வரிசையில் இருந்த கிழவர் எழுந்து நின்றாராம்.
டாக்டர் களிம்பைப் பற்றிப் பேசவில்லை.
நான்கு குழாய் ரத்தம் எழுதினார்.

இன்று முடிவு வந்திருக்கிறது, உறையில்.
ஸ்டீயரிங்குக்கு முன்னால் சாய்த்து வைத்திருக்கிறேன்.
வீய்யா ஏறினாள், பார்த்தாள்,
திறக்கட்டுமா என்று கைநீட்டினாள்.

வேண்டாம்.
இன்னும் இரண்டு சுற்று.
பாலம் வரட்டும்.
நானே கிழிக்கிறேன்.