நிறை

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார் நானாவிடம்
முப்பத்தெட்டு கிலோ நிறுத்து வாங்கியது:
லொறி வில்தகடு, கியர்ப்பல்,
துறைமுகக் கொளுக்கி,
எதனுடையதென்று அவருக்கே தெரியாத ஒரு வளையம்.

ஒவ்வொரு பொறிக்கும்
ஆமர் வீதிச் சுவர் நீலமானது.
ஒற்றைக்காலில் மூன்றுதரம் விழுந்தது நாரை.
கொளுக்கியைக் கழுத்தாக்கினேன்,
நின்றது.
கசடு தட்டத் தட்ட
உள்ளே இன்னும் சிவப்பு.
மேல்வீட்டு ஷிரோமி, துணி எடுக்கையில் எட்டிப் பார்த்து
"கண் எங்கே?" என்றாள்.
வளையம் அதுவரை என் சட்டைப்பையில்.

மாதக்கடைசி. வாடகை.
அலகு ஆட்டோவுக்கு வெளியே நீள
அதே கடைக்குத் திரும்பினோம்.
தராசில் முப்பத்தொன்பதரை.
"ஒன்றரை கிலோ எங்கிருந்து வந்த?"
"உருகின கம்பி" என்றேன்.
அதற்கும் சேர்த்தே எண்ணித் தந்தார்.

நாரையை மட்டும் இறக்கவில்லை.
அன்று மாலைவரை வந்த இரும்பையெல்லாம்
கையால் தூக்கிப் பார்த்தே
விலை சொன்னார்.